தலையணைக்குள் இறங்கிய சிகரெட் வாடை: இலவம்பஞ்சைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

மூஞ்சிக்கல் வீடு (கொடைக்கானல்)
நவம்பர் 6, இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். தீபாவளி விடுமுறைக்கு வந்த ஒரு கூட்டம் நான்கு இரவுகள் தங்கியது. விடாத மழை, மேகம் வேறு வாசல்வரை வந்து நின்றுகொண்டிருந்தது. குளிருக்குப் பயந்து சன்னல்களை இறுக்கி அடைத்துக்கொண்டு, நான்கு நாளும் உள்ளேயே புகைத்திருக்கிறார்கள். அறைக்குள் புகைக்க வேண்டாம் என்று வந்த அன்றே சொன்னோம். தலையாட்டினார்கள். அவர்கள் போன பிறகு கதவைத் திறந்தபோது என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே திரும்பிவிட்டாள். சாம்பல் நிரம்பிய டம்ளர் சன்னல் திண்டின்மேல் இருந்தது.

போர்வை, திரைச்சீலை, விரிப்பு எல்லாவற்றையும் துவைத்துவிட்டேன். அவை தேறிவிட்டன. தலையணைகளிடம்தான் தோற்றுப்போய் நிற்கிறேன். மொத்தம் எட்டு. நான்கு இலவம்பஞ்சு, மூன்று கடையில் வாங்கிய செயற்கைப் பஞ்சு, ஒன்று, அழுத்தினால் குழிந்து மெல்ல எழும்புமே, அந்த நுரைத் தலையணை. உறைகளைக் கழற்றித் துவைத்தாயிற்று. மல்லிகை மணத் தெளிப்பான் அடித்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் மல்லிகை, பிறகு மல்லிகையும் சிகரெட்டும் கலந்த ஒன்று. அதைவிட முந்தைய வாடையே மேல்.

இலவம்பஞ்சுத் தலையணைகள் நான்கும் அம்மா தன் கையால் தைத்தவை. என் திருமணத்துக்கு முந்தைய கோடையில் போடியிலிருந்து பஞ்சு வாங்கி வந்து, விதை பொறுக்கி, அடைத்துத் தைத்தார். நேற்று அதில் ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு, "இது நான் அடைத்த பஞ்சு மாதிரியே இல்லை" என்று கீழே வைத்துவிட்டார். தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வாரத்தில் ஒரு குடும்பம் வருகிறது. அவர்கள் பையனுக்கு மூச்சிரைப்பு உண்டு என்று முன்பதிவு செய்யும்போதே சொல்லியிருக்கிறார்கள். இரவு முழுவதும் அந்தக் குழந்தையின் முகம் பதியப்போகிற இடம் இது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஃபிங்கர்போஸ்ட் தம்பி (உதகை)
நவம்பர் 6, இரவு 9.40

அக்கா, எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் நீலகிரித் தைலம்தான். தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டு, துணியை நனைத்துத் தலையணையைத் துடைத்து வையுங்கள். ஒரே நாளில் வாடை தெரியாது.


கோத்தகிரி மருமகள்
நவம்பர் 6, இரவு 10.05

தம்பி, வாடை தெரியாமல் போவது வேறு, வாடை போவது வேறு. என் மாமனார் முப்பது வருடம் புகைத்தவர். அவருடைய அறையில் தைலத்தை ஊற்றி ஊற்றி நாங்கள் கண்டது, தைல வாடையும் புகை வாடையும் சேர்ந்து தலைவலி வந்ததுதான். அதைவிட முக்கியம், வரப்போவது மூச்சிரைப்பு உள்ள பையன். முகத்துக்கு அவ்வளவு அருகில் தைலத்தின் நெடி இருந்தால் சில குழந்தைகளுக்கு இழுப்பு கூடிவிடும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் நான் தைலக் குப்பியைத் திறப்பதே இல்லை. அக்கா, தயவுசெய்து தைலம் வேண்டாம்.


மூஞ்சிக்கல் வீடு
நவம்பர் 6, இரவு 10.20

நன்றி தங்கச்சி. தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கும் மூடி மறைப்பதில் விருப்பமில்லை. உள்ளே இருப்பது வெளியே போக வேண்டும்.


வேதியியல் வாத்தியார் (குன்னூர்)
நவம்பர் 7, காலை 6.30

அம்மா, நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். வேதியியல் நடத்தியவன். உங்கள் தலையணைக்குள் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

சிகரெட் புகை வெறும் காற்று இல்லை. வாயுக்களும், கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய பிசுபிசுப்பான துளிகளும் கலந்தது அது. அந்தத் துளிகள் போய் ஒட்டிக்கொள்ள இடம் தேடும். துணி, பஞ்சு, மரம், சுண்ணாம்புச் சுவர் எதுவானாலும் சரி. நிக்கோட்டினைத் தனியே பிரித்தெடுத்தால் எண்ணெய் போன்ற திரவம். கொதிநிலை ஏறக்குறைய 247 டிகிரி செல்சியஸ். அதனால் அது சட்டென்று ஆவியாகிப் போய்விடாது. கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கிளம்பிக்கொண்டே இருக்கும். உங்கள் மூக்கு பிடிப்பது அதையும் அதன் கூட்டாளிகளையும்தான்.

அடுத்து, நிக்கோட்டின் ஒரு காரம். பழைய புகைக்கு உரிய அந்தப் புளித்த, கருகிய வாடையைத் தருகிற பிரிடின் வகைச் சேர்மங்களும் காரங்கள். பத்தாம் வகுப்பில் படித்ததை நினைத்துக்கொள்ளுங்கள்: காரமும் அமிலமும் சேர்ந்தால் உப்பு. அந்த உப்பு தண்ணீரில் கரையும், காற்றில் எழும்பாது. வினிகர் இங்கே வேலை செய்வது இந்த வழியில்தான். புகையிலுள்ள தாரின் பிசுக்கு வேறு ரகம். அதற்குச் சோப்பு நீர் வேண்டும். ஆகவே துவைக்கக்கூடிய தலையணை என்றால் முதலில் வினிகர் கலந்த தண்ணீர், அப்புறம் சோப்பு, அப்புறம் நல்ல தண்ணீர்.

சமையல் சோடாவை எல்லோரும் சொல்வார்கள். அதுவே மெலிந்த காரம். வியர்வை வாடை போன்ற அமில வாடைகளை அது நன்றாகப் பிடிக்கும். நிக்கோட்டின் விஷயத்தில் அதனிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வினிகரையும் சோடாவையும் ஒரே வாளியில் கலந்து, பொங்கும் நுரையைப் பார்த்து மகிழ்கிறவர்கள் உண்டு. அந்தப் பொங்கலில் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டுவிடும். வாளியில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வெண்மைக்காகப் போடும் குளோரின் வெளுப்பானை வினிகரோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வெளிவரும். சன்னல் அடைத்த மலைவீட்டுக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

மழை நாளில் வாடை கூடுவதாகத் தோன்றியிருக்கும். அது பிரமை இல்லை. காற்றில் ஈரம் ஏறும்போது நீராவி நாரில் போய் உட்கார்ந்து, அங்கே ஒட்டியிருந்ததைக் கிளப்பிவிடுகிறது. சமவெளியில் ஒரு வாரத்தில் மறந்துபோகிற வாடை நம் மலையில் ஐப்பசி, கார்த்திகை முழுவதும் நிற்பது இதனால்தான்.

அந்தப் பையனுக்கு மட்டும் புதுத் தலையணை வாங்கிவிடுங்கள். இந்த வேலை இரண்டு வாரத்தில் முடியாது.


மூஞ்சிக்கல் வீடு
நவம்பர் 7, காலை 8.10

ஐயா, ஒவ்வொரு வரியும் புரிந்தது. பையன் தங்கப்போகும் அறைக்கு வத்தலக்குண்டிலிருந்து இரண்டு புதுத் தலையணை வரவழைக்கச் சொல்லிவிட்டேன். அந்த எட்டையும் மாடியிலிருந்து இறக்கியாயிற்று. இலவம்பஞ்சைத் துவைக்கலாமா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். அம்மா கூடாது என்கிறார்.


போடி பஞ்சுக்கடை (போடிநாயக்கனூர்)
நவம்பர் 7, பகல் 1.30

அம்மா சொல்வது சரி அக்கா. துவைத்தால் போயிற்று. நாங்கள் இரண்டு தலைமுறையாக மெத்தை, தலையணை போடுகிறோம். இலவம்பஞ்சைப் பற்றி நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

இந்த நாரின் உள்ளே வெற்றிடம், காற்று அடைத்த குழல் மாதிரி. வெளியே மெழுகு பூசினாற்போல் வழவழப்பு. பருத்தி தண்ணீரைக் குடிக்கும். இலவு தண்ணீரை ஒட்டவே விடாது, மிதக்கும். அந்தக் காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு உடைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஆனால் எண்ணெய் என்றால் அப்படியே இழுத்துக்கொள்ளும். வாத்தியார் ஐயா புகையை எண்ணெய்ப் பிசுக்கு என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. உங்கள் நான்கு தலையணையும் அந்தப் பிசுக்கை ஆசையாகக் குடித்திருக்கின்றன.

சோப்பு போட்டு நனைத்தால் வழவழப்பு போய், திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும். உள்ளே போன ஈரம் உங்கள் ஊர்க் குளிரில் வெளியே வராது. பத்து நாளில் பூஞ்சை வாடை அடிக்கும். அது சிகரெட் வாடையைவிடக் கொடுமை.

செய்ய வேண்டியது இது. ஓரத் தையலைப் பிரித்துப் பஞ்சு முழுவதையும் வெளியே எடுங்கள். பஞ்சை அடைத்திருந்த மெத்தைத்துணியைத் தனியாக வினிகர், சோப்பு என்று எத்தனை முறை வேண்டுமானாலும் துவையுங்கள். அதிகம் ஏறியிருப்பது அந்தத் துணியிலும் அதை ஒட்டிய பஞ்சிலும்தான். பஞ்சைப் பழைய கொசுவலைக்குள் போட்டு, வாயைக் கட்டி, கொடியில் தளர்வாகத் தொங்கவிட்டு வெயிலும் காற்றும் படச் செய்யுங்கள். வலை இல்லாமல் விரித்தீர்கள் என்றால் ஒரு காற்றுக்குக் கொடைக்கானல் முழுவதும் உங்கள் பஞ்சுதான். மணிக்கு ஒரு தடவை மெல்லிய குச்சியால் தட்டிப் புரட்டிவிடுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். தூசி நெஞ்சில் கட்டும்.

அடுப்புப் பக்கம், கணப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. இலவம்பஞ்சு போலத் தீப்பற்றும் பொருள் வீட்டில் வேறெதுவும் இல்லை. பொறி பட்டால் பிடித்தது தெரிவதற்குள் எரிந்து முடிந்துவிடும்.


மூஞ்சிக்கல் வீடு
நவம்பர் 7, பிற்பகல் 3.00

வெயிலுக்கு எங்கே போவேன் தம்பி? ஆறு நாளாகச் சூரியனைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. வெயிலுக்காக உட்கார்ந்திருந்தால் இலவு காத்த கிளி கதைதான்.


வேதியியல் வாத்தியார்
நவம்பர் 7, மாலை 5.45

அதுவரைக்கும் கரி இருக்கிறது அம்மா. தண்ணீர் வடிகட்டும் கருவிகளில் போடுகிறார்களே, தேங்காய் ஓட்டிலிருந்து செய்து நீராவியால் பக்குவப்படுத்திய கரி, அது. நுண்துளைகள் கோடிக்கணக்கில் இருப்பதால் காற்றில் கிளம்பி வருகிற வாடைப் பொருள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுப்புக் கரியும் கொஞ்சம் செய்யும். அந்த அளவுக்குச் செய்யாது. பஞ்சை வலையோடு பெரிய டிரங்குப் பெட்டியில் தளர்வாக வைத்து, நான்கு மூலையிலும் துணிப்பையில் கட்டிய கரியை வைத்து மூடுங்கள். கரி பஞ்சில் நேரடியாகப் பட வேண்டாம், கறுப்பாகிவிடும். ஈரம் ஏறாத இடமாகப் பெட்டி இருக்கட்டும்.

இன்னொன்று. குளிருக்காக எரிகிற கரியடுப்பை அறைக்குள் வைத்துப் பஞ்சை உலர்த்தலாம் என்று யாரும் யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தீ ஒருபுறம் இருக்கட்டும். அடைத்த அறையில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. மலைக்கு வந்து அப்படிக் குளிர்காய்ந்தவர்கள் தூக்கத்திலேயே போன செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்.


வெலிங்டன் சலவை
நவம்பர் 8, காலை 10.20

செயற்கைப் பஞ்சுத் தலையணையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதுதான் மிக எளிது. ஓரத்தில் தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று போட்டிருந்தால் கவலையே இல்லை. பத்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு டம்ளர் வெள்ளை வினிகர். அரை மணி ஊறட்டும். மிதக்கும், அதனால் மேலே கனமான தட்டு வையுங்கள். அழுத்திப் பிழியுங்கள், முறுக்காதீர்கள். முறுக்கினால் உள்ளே முடிச்சு விழும். பிறகு வழக்கமான சோப்புத் தூளில் குறைவாகப் போட்டு ஒரு சுற்று, நல்ல தண்ணீரில் இரண்டு சுற்று. சோப்பு மிஞ்சினால் அதுவே அழுக்கை இழுக்கும்.

சூடான காற்றில் உலர்த்தும் முன்பு ஈரமாக இருக்கும்போதே முகர்ந்து பாருங்கள். வாடை மிச்சம் இருந்தால் திரும்பத் துவையுங்கள். மிச்சத்தோடு சூடுகாட்டினால் அது நாரில் இறுகிவிடுகிறது என்பது என் அனுபவம். உலர்த்தும் இயந்திரம் கிடைத்தால் குறைந்த சூட்டில், சுத்தமான டென்னிஸ் பந்து இரண்டு உள்ளே போட்டு ஓட்டுங்கள். பஞ்சு பிரிந்து வரும்.

நுரைத் தலையணையை மட்டும் எங்கள் கடைக்குக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். தண்ணீர் குடித்தால் கிழியும், உள்ளே உலராது, வெயிலில் வைத்தால் மஞ்சளாகி உதிரும்.


பெருமாள்மலை ஓட்டுநர்
நவம்பர் 8, இரவு 8.50

நான் புகைப்பவன். இந்த இழையை முழுதும் படித்தேன். மனைவி தினமும் சொல்வதுதான் இதில் இருக்கிறது. இவ்வளவு விவரமாக இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒன்றைச் சேர்க்கிறேன். நான் வீட்டுக்குள் புகைப்பதில்லை, வெளியே வண்டிப் பக்கத்தில் நின்றுதான். அப்படியும் என் தலையணை வாடை அடிக்கிறது. தலைமுடி, கம்பளிச் சட்டை, குல்லாய் வழியாக வந்து ஏறுகிறது. மலையில் குளிருக்குத் தினமும் தலைக்குக் குளிக்க முடியாது, குல்லாயோடு படுத்துவிடுகிறோம். அக்கா, உங்கள் விருந்தினர்கள் அறையில் புகைக்காமல் தாழ்வாரத்தில் புகைத்திருந்தாலும் கொஞ்சம் ஏறியிருக்கும். அதற்கு மெத்தைத்துணிக்கும் வெளியுறைக்கும் இடையில் இன்னோர் உறை, ஜிப் வைத்தது, போட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை துவைக்கலாம். நான் அப்படிச் செய்த பிறகு உள்ளே இறங்குவது குறைந்திருக்கிறது.


மூஞ்சிக்கல் வீடு
நவம்பர் 8, இரவு 9.30

அண்ணா, நீங்கள் மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. இடையுறை யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எட்டுக்கும் தைக்கக் கொடுக்கப்போகிறேன்.


ஏரிச்சாலை (கொடைக்கானல்)
நவம்பர் 9, காலை 11.00

இவ்வளவு பாடு எதற்கு? ஓசோன் விடும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. அறையில் தலையணைகளை வைத்து ஒரு இரவு ஓட்டினால் எல்லாம் முடிந்துவிடும்.


வேதியியல் வாத்தியார்
நவம்பர் 9, பகல் 12.15

வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓசோன் நுரையீரலை அரிக்கும் வாயு. வாடையைக் குறைக்கிற அளவுக்கு விட்டால் மனிதர் மூச்சுவிடக் கூடாத அளவாகிவிடும். ரப்பரையும் நுரைப்பஞ்சையும் கெடுக்கும். நிக்கோட்டினோடு வினைபுரிந்து வேறு எரிச்சலூட்டும் பொருள்களும் உண்டாகும். மூச்சிரைப்பு உள்ள குழந்தை வருகிற வீட்டில் இதை நினைக்கவே கூடாது.

இதையொட்டி இன்னொரு செய்தி. சுவரிலும் துணியிலும் தங்கிப்போன இந்தப் புகையெச்சத்தை ஆய்வாளர்கள் மூன்றாம் நிலைப் புகை என்கிறார்கள். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பரப்புகளில் படிந்த நிக்கோட்டின், காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து, புற்றுநோய் தரவல்ல நைட்ரோசமைன்களாக மாறுகிறது என்று அதில் காட்டினார்கள். புகைபோக்கி இல்லாத எரிவாயு அடுப்பிலிருந்தும் வண்டிப் புகையிலிருந்தும் நைட்ரஸ் அமிலம் வருகிறது. வாடை என்பது மூக்கின் தொல்லை மட்டும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். தவழ்கிற, எதையும் வாயில் வைக்கிற குழந்தைகளுக்குத்தான் இதில் அதிகக் கவனம் வேண்டும்.


கோத்தகிரி மருமகள்
நவம்பர் 9, பகல் 2.40

அக்கா, அறையைத் துடைத்தீர்களா? தலையணையைச் சுத்தம் செய்து அதே அறையில் வைத்தால் மறுபடியும் ஏறிவிடும். மாமனார் அறையில் நாங்கள் கண்டது அது. முகம் பார்க்கும் கண்ணாடியை ஈர வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள், தெரியும்.


மூஞ்சிக்கல் வீடு
நவம்பர் 10, இரவு 9.00

தங்கச்சி, துடைத்தேன். கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது, பார்வைக்கு. துணியைத் திருப்பினால் டீ வடிகட்டிய துணி போல ஒரு பழுப்பு. மேலிருந்து கீழே இழுத்த இடமெல்லாம் பட்டை பட்டையாக. கொஞ்ச நேரம் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். நான்கு நாளில் ஒரு கண்ணாடியில் இவ்வளவு என்றால், எட்டு மணி நேரம் முகத்தை அணைத்துக்கொள்கிற பஞ்சுக்குள் எவ்வளவு போயிருக்கும்!

சுவர், கதவு, மரப்பலகை, மின்விளக்குக் குமிழ் (அதைத் தொடவே யாருக்கும் தோன்றாது, சூடாகும்போதெல்லாம் வாடை விடுகிறது) எல்லாவற்றையும் முதலில் சோப்புத் தண்ணீரிலும் பிறகு வினிகர் கலந்த தண்ணீரிலும் துடைத்தோம். மூன்று வாளி மாற்றினோம்.

செயற்கைப் பஞ்சு மூன்றும் வெலிங்டன் நண்பர் சொன்னபடி. முதல் ஊறலில் தண்ணீர் வெளிர்மஞ்சளானது. இரண்டாவது ஊறலில் பாதி. மூன்றாவதில் தெளிந்த தண்ணீர். உலர நான்கு நாள் ஆகும்போல் இருக்கிறது, வீட்டுக்குள் கொடி கட்டி மின்விசிறியைச் சுழலவிட்டிருக்கிறேன்.

இன்று காலை அம்மாவும் நானும் தையலைப் பிரித்தோம். முதல் தலையணையின் வாய் திறந்ததும் உள்ளேயிருந்து வந்த மூச்சு சிகரெட் பெட்டியைத் திறந்தாற்போல் இருந்தது. பஞ்சு இன்னும் பட்டுப்போல்தான் இருக்கிறது. எங்கள் புருவத்தில், இமையில், அம்மாவின் நரைத்த கூந்தலில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. ஒரு கறுப்பு விதை தப்பியிருந்தது. அம்மா அதைத் தனியே எடுத்து வைத்தார். துணியை ஒட்டிய பஞ்சு லேசாக மங்கியிருக்கிறது, நடுப்பஞ்சு வெண்மை. போடித் தம்பி சொன்னது அப்படியே. நான்கையும் தனித்தனி வலையில் கட்டி, கரிப்பைகளோடு இரண்டு டிரங்குப் பெட்டிகளில் வைத்துவிட்டோம்.


ஃபிங்கர்போஸ்ட் தம்பி
நவம்பர் 10, இரவு 9.25

அக்கா, நான் தைலம் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். இதையெல்லாம் படித்த பிறகு என் அறைத் தலையணையை எடுத்து முகர்ந்தேன். எனக்கு முன்பு அந்த அறையில் இருந்தவர் புகைப்பவர். இரண்டு வருடமாக அதில் தலைவைத்துப் படுத்திருக்கிறேன், பழகிவிட்டதால் தெரியவில்லை. நாளை மாற்றுகிறேன்.

ஒரு கேள்வி. சின்ன விடுதிகளில் புகைக்கும் அறை என்று தனியாக ஒதுக்கச் சட்டத்தில் இடம் உண்டா?


கோத்தகிரி மருமகள்
நவம்பர் 10, இரவு 10.00

2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளின்படி, 30 அறைகளோ அதற்கு மேலோ உள்ள ஓட்டல்களில்தான் புகைப்பதற்கென்று தனி இடம் ஒதுக்கலாம் தம்பி. பொது இடத்தில் புகைத்தால் அபராதம் 200 ரூபாய் வரை. இரண்டு அறை, மூன்று அறை விடுகிறவர்கள் வாசலில் பலகை வைத்து, முன்பதிவிலேயே எழுதி வாங்கிவிடுவதுதான் நல்லது.


மூஞ்சிக்கல் வீடு
நவம்பர் 24, இரவு 8.30

நிலவரம் சொல்கிறேன். அந்தக் குடும்பம் வந்து மூன்று நாள் தங்கிப் போனது. புதுத் தலையணைகள், பையன் நன்றாகத் தூங்கினான். அவனுடைய அம்மாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அறைக்குள் நின்று நன்றாக மூச்சிழுத்துப் பார்த்துவிட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் பெட்டிகளை உள்ளே எடுத்து வந்தார்.

செயற்கைப் பஞ்சு மூன்றும் சுத்தம். நுரைத் தலையணையை இரண்டு வாரம் கரியோடு வைத்தேன். மேலே ஒன்றும் தெரியவில்லை. கையால் அழுத்தி விட்டால் உள்ளேயிருந்து ஊதியதுபோல் வாடை வருகிறது. அதை அப்புறப்படுத்திவிட்டேன்.

இலவம்பஞ்சு: இரண்டு வலைகளில் நன்றாகக் குறைந்திருக்கிறது. இரண்டில் அவ்வளவாகக் குறையவில்லை. வெயில் இன்னும் வரவில்லை.


போடி பஞ்சுக்கடை
நவம்பர் 25, காலை 9.00

அக்கா, சோதித்துப் பார்க்க ஒரு வழி. ஒரு பிடி பஞ்சை இரண்டு உள்ளங்கைக்குள் பொத்தி, வாயைத் திறந்து சூடாக இரண்டு மூன்று தடவை ஊதுங்கள். உடனே முகருங்கள். தூங்குகிறவர் மூச்சும் சூடும் படும்போது என்ன வாடை வருமோ அது அப்போதே தெரிந்துவிடும். புகைக்காத ஒருவரை வைத்து, காலையில், சமையலுக்கு முன்பு பாருங்கள். தேறாத பஞ்சை நல்ல பஞ்சோடு கலந்துவிடாதீர்கள். ஒரு பிடி கெட்டது மொத்தத்தையும் கெடுக்கும்.


மூஞ்சிக்கல் வீடு
ஜனவரி 12, இரவு 7.50

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். வெயிலுக்காகக் காத்திருந்தேன். மார்கழி பாதியில் வானம் விட்டது. விடியலில் ஏரியோரப் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கிறது. ஒன்பது மணிக்குமேல் வெயில் சுள்ளென்று இறங்குகிறது. இந்த உயரத்து வெயிலுக்கு ஈரமில்லாத காற்றும் சேர்ந்தால் வேறெதுவும் வேண்டாம்.

காலை பத்திலிருந்து மூன்று வரை, பதினொரு நாள். நான்கு வலைகளையும் கொல்லைக் கொடியில் கட்டினோம். மூன்று மணிக்குமேல் கீழிருந்து மேகம் ஏறி வரும். அதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஒருநாள் பத்து நிமிடம் தாமதித்தேன். பஞ்சு மழமழப்பு இழந்து கனத்துவிட்டது, மறுநாள் பாதிப் பொழுது அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவே போயிற்று. அம்மா புளியங்குச்சியால் தட்டுவார். தட்டத் தட்ட வலைக்குள் பஞ்சு எழும்பி நிறையும். இறங்கும்போது இன்னொரு தட்டு. வாயில் துண்டு கட்டிக்கொண்டு எழுபது வயதில் அவர் அதைச் செய்ததைப் பக்கத்து வீட்டார் வேலியோரம் நின்று பார்த்தார்கள்.

ஊதிப் பார்க்கும் சோதனையை மகள் செய்தாள். வீட்டில் அவள் மூக்குதான் கூர்மை. முதல் வலை, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவதைக் கையில் வைத்து இரண்டு முறை ஊதிப் பார்த்து யோசித்தாள். துணியை ஒட்டியிருந்த மங்கிய பஞ்சை மட்டும் கழித்துவிட்டு இன்னும் மூன்று நாள் வெயில் காட்டினோம், அதுவும் தேறியது. நான்காவது தேறவில்லை. முகர்ந்தால் தெரியாது, ஊதினால் வந்துவிடுகிறது. அடிக்கடி புகைத்தவர் அதில்தான் படுத்திருக்க வேண்டும். எனக்கு அதை இன்னும் ஒரு மாதம் வைத்துப் பார்க்க ஆசை. அம்மாதான், "போதும், போட்டுவிடு" என்றார்.

மெத்தைத்துணி பழையதைத் திரும்பப் போடவில்லை. ஆறு முறை துவைத்தும் மடிப்பில் கொஞ்சம் இருந்தது. புதுத் துணி எடுத்து, ஓட்டுநர் அண்ணா சொன்ன இடையுறையும் சேர்த்துத் தைத்தோம். தாழ்வாரத்தில் கூரைக்கு அடியில் ஒரு பலகையிருக்கை போட்டிருக்கிறோம். புகைக்க வேண்டும் என்பவர்களுக்கு வந்தவுடனே அந்த இடத்தைக் காட்டுகிறேன். மழை நாளில் உள்ளே புகைக்க அவர்களுக்கு ஒரு சாக்கு இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் கூரைக்குக் கீழே.

இன்று மாலை அம்மா மூன்றாவது தலையணையின் வாயைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, முகத்தை அதில் புதைத்து மூச்சிழுத்தார். "பஞ்சு வாசம்" என்றார்.

போடித் தம்பி, இந்தக் கோடையில் காய் வெடித்துப் புதுப் பஞ்சு வந்ததும் ஒரு தலையணைக்கு வேண்டியதை எடுத்து வையுங்கள். விதை நீக்க வேண்டாம். அம்மா தானே பொறுக்கிக்கொள்வதாகச் சொல்கிறார்.